கோட்டுச்சேரி என்று சொன்னேன்

நான் போன வெளிநாடுகளில் மிகக் கிட்டத்தில் இருந்தது காரைக்கால். ரங்கூனுக்குக் கப்பலில் போய், சண்டைக் காலத்தில் நடந்தே திரும்பியிருக்கிறேன். கொழும்புத் துறைமுகத்தில் ஒன்றரை வருஷம் மூட்டை தூக்கியிருக்கிறேன். அங்கெல்லாம் படாத பயம், மாயவரத்திலிருந்து அரை நாளில் போய்ச் சேரக்கூடிய காரைக்காலுக்குப் போகும்போது பட்டேன்.

அது ஐம்பத்து நாலாம் வருஷம், ஆவணி மாதம். ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நம் சர்க்கார் எல்லையை இறுக்கிப் பிடித்திருந்தது. பாஸ் இல்லாதவன் உள்ளே போக முடியாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. என்னிடம் பாஸ் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதைவிட ஆற்றில் இறங்கிப் போவது சுலபமாகத் தெரிந்தது.

போன காரியம் சின்னது. நான் அப்போது மாயவரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாட்டுக் கைக்கடிகாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். காரைக்கால் கடைத்தெருவில் அது கத்தரிக்காய் மாதிரி கூடையில் கிடக்கும் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. ஒரு கடையின் அடையாளத்தைச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். குடும்பம் குட்டி இல்லாதவன், மாட்டிக்கொண்டாலும் அழ ஆள் இல்லை என்பது அவர் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

பொறையாறு வரை பஸ். அதற்கப்புறம் வைக்கோல் ஏற்றிப் போன ஒரு கட்டை வண்டியில் தொற்றிக்கொண்டேன். வண்டிக்காரர் என் பையைப் பார்த்தார்.

"பாசு இருக்கா?"

"இல்லைங்க."

"பையில என்ன வச்சிருக்க?"

"வேட்டி, துண்டு, சோப்பு."

"சட்டைப் பையில?"

மாயவரத்தில் வாங்கிய பஸ் டிக்கெட் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"அதைக் கிழிச்சுப் போடு. இந்தப் பக்கம் புடிச்சா கடத்தல்காரம்பான். அந்தப் பக்கம் புடிச்சா உளவு பாக்க வந்த இந்தியாக்காரம்பான். யாரு கேட்டாலும் கோட்டுச்சேரின்னு சொல்லு. ஆத்தைத் தாண்டுனா அதான் மொத ஊரு."

"கோட்டுச்சேரியில யாரு வீடுன்னு கேட்டா?"

"கோவிந்தன் மவன்னு சொல்லு. அங்க நாலு வீட்டுக்கு ஒரு கோவிந்தன் இருக்கான். எவனும் தேடிப் பாக்க மாட்டான்."

டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன். வண்டி மாடு குனிந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டது.

நண்டலாற்றில் இடுப்பளவு தண்ணீர். பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தேன். வயல் வரப்புகள் வழியாகக் கோட்டுச்சேரி போய்ச் சேர்ந்தால் டவுனுக்குப் பஸ் இல்லை. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் ஒரு புளியமரத்தடியில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் கூரையில் யாரோ வற்றல் காயப்போட்டிருந்தார்கள். கருவாட்டுக் கூடையோடு சைக்கிளில் போன ஒருவர், முன் கம்பியில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் சங்கிலி கழன்றது. நான் அதைச் சரிசெய்து மாட்டிய வேகத்தைப் பார்த்து, "எந்தக் கடையில வேலை பாக்குற?" என்று கேட்டார். "கோட்டுச்சேரி" என்றேன். அவரே கோட்டுச்சேரிக்காரர். அதற்கப்புறம் காரைக்கால் வரும்வரை இருவரும் பேசவில்லை.

காரைக்கால் நான் நினைத்ததைவிட அமைதியாக இருந்தது. தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. சந்திகளில் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர்கள் நின்றார்கள். சாராயக் கடைகள் பட்டப்பகலில் திறந்து கிடந்தன. மதுவிலக்கு உள்ள நம் பக்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் விழுந்து கிடப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது அவர்களும் வர வழியில்லை. கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியூர் முகம் என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அன்று எனக்கு அது பயமாகத்தான் பட்டது. நான் தனியாகத் தெரிந்துவிடுவேனே என்று.

ஒரு தட்டுக்கடையில் இறால் வாடா தின்றேன். மாவின் மேல் ஒரு முழு இறாலை வைத்துப் பொரித்திருந்தார்கள். அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். வெள்ளைக் கைலி, கை வைத்த பனியன், தலையில் தொப்பி. கழுத்தும் காதும் வெயிலில் வெந்து தோல் உரிந்து ஆறிய மாதிரி இருந்தன. என் காலைப் பார்த்தார். முழங்கால் வரை ஆற்றுச் சேறு காய்ந்திருந்தது.

"ஊருக்குப் புதுசுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கோட்டுச்சேரி."

"கோட்டுச்சேரியா?"

"கோவிந்தன் மவன்."

அவர் அதைக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். கையில் வாங்கப்போன சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் ஒருவன் முகம் எப்படி ஆகும், அப்படி ஆகிவிட்டது அவர் முகம்.

"சரிங்க தம்பி. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தப்பித்தேன் என்று இன்னொரு வாடா வாங்கித் தின்றேன்.

கடிகாரக் கடைக்காரர் என்னைக் கடைக்குள் நிற்கவே விடவில்லை. சரக்கு புதுச்சேரியிலிருந்து தோணியில் வருகிறது, நாளன்னிக்குக் காலையில் பின்வாசல் பக்கம் வா, அதுவரை இந்தப் பக்கம் தலை காட்டாதே என்றார். இரண்டு ராத்திரி தங்க வேண்டியதாயிற்று. ஒரு சத்திரத்தில் துண்டை விரித்தேன். மூட்டைப்பூச்சிக்குப் பிரெஞ்சு சர்க்காரும் நம் சர்க்காரும் ஒன்றுதான்.

மறுநாள் காலை பொழுது போகாமல் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். மீன் நிறைய விழுந்திருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் எடுத்துப்போகிற வியாபாரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். நான் ஒரு குவியலைக் குனிந்து பார்த்ததும் ஒரு மீன்காரம்மாள், "பாத்தா மட்டும் மீனு குறையாது ராசா, வாங்குனாத்தான் குறையும்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வாங்கி என்ன செய்வது, எனக்குச் சட்டி ஏது, அடுப்பு ஏது என்றேன். "சட்டி இல்லாதவன் கடற்கரைக்கு எதுக்கு வந்தான்?" என்று அடுத்தவள் கேட்டாள். பல ஊர்களில் பல பேர் என்னிடம் கேட்ட கேள்விதான் அது.

திரும்பி வந்து கடைத்தெருவில் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தேன். நெருப்புப் பெட்டி கிடைக்காததால் தூணில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி அதன் முனையில் கங்கு அணையாமல் வைத்திருந்தார்கள். பீடி பிடிப்பவர்கள் அதில் குனிந்து பற்றவைத்துக்கொண்டார்கள். என் எதிரே ஒரு பெரியவர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே சொல்தா என்கிறார்கள். அவர் ஒரு சொல்தா. ஐயா என்பதற்கு அங்கே முசியே.

"காசிமு நேத்தும் வெயில்ல அலைஞ்சான், பாத்தியா?" என்றார் அவர்.

"ஆறு ஆளு ஆயிடுச்சாம் முசியே. இன்னும் ஒண்ணுதான் வேணுமாம்" என்றார் டீக்கடைக்காரர்.

"எல்லையில ஈ நுழைய முடியல. வெளியூராளுக்கு அவன் எங்க போவான்? என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நானும் பதினெட்டு வருஷம் வெளியூருலதான் இருந்தேன்."

"உங்களைக் கூப்பிட்டா ஏழு பங்கையும் நீங்களே முடிச்சுடுவீங்க."

எதற்கு வெளியூர் ஆள் என்று நான் கேட்டேன். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டே சொன்னார். நேற்று என்னிடம் வந்து நின்றவரின் கதை அது.

காசிம் மரைக்காயர் தோணியில் போகிறவர். போன பங்குனியில் இலங்கைப் பக்கம் காற்றில் மாட்டித் தோணி உடைந்துவிட்டது. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்து, ஏதோ ஒரு கரையில் ஒதுங்கினார். இடுப்பில் துணிகூட ஒழுங்காக இல்லை. அந்தக் கரையில் ஏழு நாள் இருந்தார். ஏழு நாளும் ஏழு வீட்டில் அவரை அழைத்துப் போய்ச் சோறு போட்டார்கள். அவர் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை அவருக்குத் தெரியாது. ஒருவரும் அவர் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

சித்திரையில் அவர் வீடு வந்து சேர்ந்ததும் அவர் மனைவி சுலைகா பீவி தன் சோற்றுக்கான அரிசியிலிருந்து தினம் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட ஆரம்பித்தாள். வீட்டு அரிசியிலிருந்து எடுத்தால் அது எல்லாருடைய பங்கு. இது அவள் தின்னாமல் விட்டதாக இருக்க வேண்டும். நாற்பது நாள் சேர்த்து, அதை ஏழு பங்காக்கி, ஏழு வழிப்போக்கர்களுக்கு ஆக்கிப் போட வேண்டும். மனைவி ஆக்குவாள். பிழைத்து வந்த புருஷன் தன் கையால் அவர்கள் கைக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

"நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன்.

"அதுவுமில்ல. கேட்டதை ஆண்டவன் குடுத்தா அதுக்குச் செய்யிறது நேர்த்திக்கடன். இது கேக்காமயே குடுத்தானே, அதுக்கு. அவங்களா நெனச்சுச் செய்யிறாங்க. யாரும் சொல்லல."

"பசின்னு வந்து கேட்டவங்களுக்குப் போட்டா?"

"அது தர்மம். அதுக்கு வேற பானை. இதுக்கு நாமதான் போய்க் கூப்பிடணும்."

ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்க வந்த ஒரு பண்டாரம், மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர், குடை ரிப்பேர் செய்கிறவர் என்று யார்யாரோ. பண்டாரம் மீன் தொடாதவர் என்று அவருக்கு மட்டும் புதுச் சட்டி வாங்கிப் பருப்பு வைத்தார்களாம். அப்புறம் எல்லையை இறுக்கிவிட்டார்கள். ஒரு மாதமாக ஏழாவது ஆள் கிடைக்கவில்லை.

"நாளைக்குக் காலையில அவரு புதுச்சேரித் தோணியில போறாரு. அங்கேருந்து சைகோன் கப்பல். போனா ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. அதுக்குள்ள முடிச்சிடணும்னு அந்தப் பொம்பளை தவிக்குது" என்றார் டீக்கடைக்காரர்.

சொல்தா தன் கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்ணு முன்னால வெளியூர்க்காரன் வந்து நின்னாக்கூட இப்ப எவன் ஒத்துக்குவான்? எல்லாப் பயலும் கோட்டுச்சேரிம்பான்."

என்னைக் குத்திச் சொல்லவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு போனேன். நான் போய்ச் சோறு கேட்கவில்லை. அவர் நேற்றே வந்து கேட்டுவிட்டார். பதிலைத்தான் தப்பாகச் சொன்னேன். அதைத் திருத்தப் போகிறேன், அவ்வளவுதான்.

வீடு பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்தது. குறுகலான வாசல், உள்ளே நீளமான முன்கூடம், கடைசியில் பச்சைத் துணித் திரை. காசிம் ஒரு தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க, கோட்டுச்சேரித் தம்பி."

"நான் கோட்டுச்சேரி இல்லைங்க. மாயவரம். பாஸ் இல்லாம வந்தேன். பயந்துபோயி அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். கயிற்றை அப்படியே போட்டுவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். "புள்ள, கேட்டியா? மாயவரமாம்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது. கடைசிவரை அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"நேத்து கோட்டுச்சேரின்னு சொன்னீங்களாம். யாரோட மவன்னுகூடச் சொன்னீங்களாம்."

"ஆமாங்க. பொய்."

"அப்ப இது நிசமா?"

"சத்தியமாங்க."

"கோவிச்சுக்காதீங்க. ஊருல எல்லாருக்கும் இந்தச் சேதி தெரியும். அரிசி கெடைக்காத காலம். ஒருவேளைச் சோத்துக்காக வெளியூருன்னு சொல்லிக்கிட்டு ஏற்கெனவே ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு நிரவி, ஒருத்தரு திருமலைராயன்பட்டினம், ரெண்டும் பக்கத்து ஊருதான். மாயவரத்துலேருந்து வந்ததுக்கு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

பஸ் டிக்கெட் கிழிந்து பொறையாற்றுச் சாலையில் கிடந்தது. வேட்டி, துண்டு, சோப்பு எந்த ஊரிலும் கிடைப்பவை. பேச்சைக் கொண்டு நிரூபிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ரங்கூனில் நான் வாயைத் திறந்தால் போதும், பரதேசி என்று தெரிந்துவிடும். இங்கே நான் பேசுவதும் அவர்கள் பேசுவதும் ஒரே பேச்சு.

"இங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?" என்று காசிம் கேட்டார். கடிகாரக் கடைக்காரர் நினைவு வந்தது. சொன்னேன். "வாங்க, போய்க் கேட்டுடுவோம்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மத்தியான வெயிலில் இருவரும் கடைத்தெருவுக்கு நடந்தோம். அவர் என்னைவிட வேகமாக நடந்தார். அண்ணனை நானா என்று கூப்பிடுகிற ஊர் அது. வழியில் ஒருவர், "என்ன நானா, ஆளு கெடைச்சிடுச்சா?" என்று கேட்டதற்கு, "கெடைச்ச மாதிரிதான்" என்று சிரித்தார்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவரா? நான் பாத்ததே இல்லையே" என்றார். முதலாளி பெயரைச் சொன்னேன். "மாயவரத்துல எனக்கு யாரையும் தெரியாது" என்றார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர் தொழில் அப்படிப்பட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நேற்று நான் செய்ததைத்தான் இன்று அவர் செய்தார்.

திரும்பி நடக்கும்போது காசிமின் வேகம் குறைந்திருந்தது. நான் சத்திரத்துப் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். அவர் என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரம். வீட்டுக்கு வந்தவங்களை அப்படியே அனுப்ப முடியுமா? வாங்க."

வீட்டில் அவர் திரைக்கு முன்னால் போய் நின்று மெதுவாகப் பேசினார். வீடு சின்னது, எல்லாம் எனக்குக் கேட்டது.

"அவரு பொய் சொல்றவரா எனக்குத் தெரியல புள்ள. அந்தக் கரையில என்னை யாரும் எந்த ஊருன்னு கேக்கலையே."

"கேட்டிருந்தா நீங்க பொய் சொல்லியிருக்க மாட்டீங்க."

காசிம் கீழே கிடந்த பெட்டிக் கயிற்றைக் காலால் ஒதுக்கினார்.

"நான் நேந்துக்கிட்டதில்ல. நீங்க காணாம இருந்தப்ப எனக்கு அழுவத்தான் தெரிஞ்சிச்சு, ஒண்ணும் வேண்டிக்கத் தோணல. நீங்க வந்தப்புறம் ஆண்டவனுக்கு நன்றின்னு சுக்ரு செய்ய என்ன இருக்குன்னு பாத்தேன். நகை இல்ல. என் சோறு இருந்துச்சு. அதைச் சந்தேகத்தோட ஒரு எடத்துல வச்சிட்டு, முடிச்சிட்டேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"காலையில நான் போயிடுவேனே."

"தெரியும்."

கொஞ்ச நேரத்தில் திரை விலகி இரண்டு கைகள் ஒரு தட்டை வெளியே வைத்தன. கண்ணாடி வளையல் போட்ட, மெலிந்த கைகள். சோறு, கெண்டை மீன் போட்ட புளிக்குழம்பு, அவர்கள் பேச்சில் புளியாணம், ஒரு துண்டு வறுத்த மீன், வெங்காயம். வீட்டுப் பானைச் சோறு. எனக்கு எதிரே உள்ள மாடத்தில் வாய்க்கு வெள்ளைத் துணி கட்டிய ஒரு சின்ன மண்பானை இருந்தது. அது எது என்று யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

காசிம் பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார். பிறகு செம்பை என் பக்கத்தில் தரையில் வைத்தார். என் கையை நானே கழுவிக்கொண்டேன்.

நான் ஊர் ஊராகத் தின்றவன். அந்த ஆணம் போல் ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை. அதையும் சொல்ல வேண்டும். மனக்கஷ்டத்தால் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். பசித்த வயிற்றில் நன்றாகவே இறங்கியது. இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டேன்.

தின்னும்போது ரங்கூன் ஞாபகம் வந்தது. குண்டு விழுந்தபின் நாங்கள் காட்டுவழியே நடந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கூட வந்தவர்கள் வழியெல்லாம் விழுந்தார்கள். மலைக்காரப் பெண் ஒருத்தி மூங்கில் குழாயில் வெந்த சோற்றை என் கையில் தட்டிவிட்டுப் போனாள். இன்னொரு ஊரில் ஒரு கிழவர் வேகவைத்த கிழங்கு கொடுத்தார். யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. நான் பிழைத்தேன். அதற்காக இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கோயில் வாசலில்கூட நின்றதில்லை, ஒருவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. காசிமிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் அதுவும் அந்தப் பானைக்காகச் சொன்னதாகிவிடும். வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கடிகாரக் கடையின் பின்வாசலுக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "மரைக்காயரைக் கூட்டிக்கிட்டு வந்து என்னை மாட்டிவிடப் பாத்தியே" என்றார். கடிகாரத்தை வாங்கித் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அது தொப்புளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

நேராக வடக்கே போயிருக்கலாம். அரசலாற்று முகத்துக்குப் போனேன். தோணியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காசிம் பெட்டியின் மேல் உட்காராமல் கரையில் நின்று, வந்துபோகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் தேடிக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார். தோணியில் ஏறக் கூப்பிட்டபோது என் பக்கமாக வந்து தோளைத் தொட்டார்.

"பத்திரமாப் போங்க தம்பி. மாயவரத்துக்குத்தானே?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. முதலிலிருந்தே தெரிந்திருந்ததோ, ராத்திரி யோசித்துத் தெளிந்தாரோ, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் காலம் கடந்துவிட்டது. தோணி மெதுவாக ஆற்றைவிட்டுக் கடலுக்குள் போனது. நான் கோட்டுச்சேரி வழியாக நடந்து, ஆற்றைத் தாண்டி, கடிகாரத்தை முதலாளியிடம் கொடுத்தேன். கல்யாணத்தன்று அது ஓடவில்லை.

ஐப்பசியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கினார்கள். எல்லையில் சாவடியைப் பிரித்தார்கள். சில நாள் கழித்து மாயவரத்திலிருந்து காரைக்காலுக்கு நேர் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு அங்கே ஒரு காரியமும் இல்லை. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை மடக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மாயவரம் என்று அதில் தெளிவாக அச்சாகியிருந்தது. சேற்றில் இறங்காமல், யாருக்கும் பயப்படாமல் போய் இறங்கினேன். கடைத்தெரு முழுவதும் வெளியூர்க்காரர்கள். இறால் வாடாவுக்கு நிற்க இடம் இல்லை.

முன்கூடத்தில் சுலைகா பீவியின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னேன். திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"மாயவரத்துக்காரங்களா?"

டிக்கெட்டை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பி வந்தது.

"அப்பவே நம்பியிருக்கலாம். என் மேலதான் தப்பு" என்றாள் அவள்.

"இல்லைங்க."

"ஏழாவது பங்கு முடிஞ்சுது. எல்லை தொறந்த அன்னிக்கே ஒருத்தரு வந்தாரு. உங்க சர்க்காரு போலீஸ்காரரு. புதுசா வந்து எறங்கி, இந்தத் தெருவுல வழி தெரியாம நின்னாரு. வாப்பா போய்க் கேட்டாங்க. அறந்தாங்கின்னு டக்குனு சொல்லிட்டாராம்."

நான் யாருக்குப் பயந்து ஊரை மாற்றிச் சொன்னேனோ, அவர்களில் ஒருவர்.

"அப்ப நிறைவாயிடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"சோறு போட்டாச்சு. வாப்பா கைக்குத் தண்ணி ஊத்தச் செம்பை எடுத்தாங்க. நான் வேணாம்னுட்டேன். அது எங்க வீட்டுக்காரங்க கை ஊத்த வேண்டிய தண்ணி. செம்பைப் பக்கத்துல வச்சோம். அவரே கழுவிக்கிட்டாரு."

சைகோனிலிருந்து ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், ஏழாவது ஆள் ஆயிற்றா என்றுதான் அதில் முதல் வரியில் கேட்டிருப்பதாகவும் பெரியவர் சொன்னார்.

நான் மாடத்தைப் பார்த்தேன். மண்பானை அங்கேயே இருந்தது. வாயில் வெள்ளைத் துணி புதிதாகக் கட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

"மறுபடி எடுத்து வைக்கிது" என்றார். "இப்பவே மெலிஞ்சு போயிருக்கு. சொன்னாக் கேக்குறதில்ல. அவரு வரட்டும், ஏழாவதா ஒரு ஆளுக்கு அவரு கையால தண்ணி ஊத்தட்டும்ங்குது."

அன்றும் எனக்குச் சாப்பாடு போட்டார்கள். வீட்டுப் பானைச் சோறுதான். கையை நானே கழுவிக்கொண்டு தின்றேன். கிளம்பும்போது, அவர் வருகிற அன்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள், வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. கேட்டு வாங்குகிறவனுக்கு வேறு பானை.

அதற்கப்புறம் சைக்கிள் கடையை விட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் வேலை பார்த்தேன், அவற்றையும் விட்டேன். அந்தப் பெண்ணைப் போல நானும் தினம் ஒரு பிடி எடுத்து வைக்கலாமா என்று நினைத்ததுண்டு. ஓட்டலில் தின்கிறவன் எங்கே எடுத்து வைப்பது? இலையில் ஒரு பிடி மிச்சம் விட்டால் அது எச்சில்தான். மீன்காரி அன்றைக்குக் கேட்டது சரிதான். சட்டி இல்லாதவனால் இதுகூட முடியாது.

காரைக்காலுக்கு மட்டும் அவ்வப்போது போய்வருகிறேன். இதுவரை நாலு முறை. அந்த வீட்டுத் தெருவுக்குப் போவதில்லை. கடைத்தெருவில் தட்டுக்கடைப் பக்கம், முதல்நாள் நின்ற இடத்தில், பையோடு நிற்பேன். டீக்கடைக்காரர், காசிம் இன்னும் வரவில்லை என்று கேட்காமலேயே சொல்லிவிடுவார். சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

போன முறை அப்படி நிற்கும்போது பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஊருக்குப் புதுசுங்களா?"

"ஆமாங்க. மாயவரம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கை தானாகச் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டுக்குப் போயிற்று.

அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவர். காற்றோட்டமான அறை இருக்கிறது, மூட்டைப்பூச்சி இல்லை என்றார்.